நெட்வொர்க் மார்க்கெட்டிங்கை கூட்டாளிமாருக்கு எப்பிடிச் சொல்றது? திருமலை ஆக்கள் பதில் போடுங்கோ

உப்புவெளிப் பொடியன்
வணக்கம். நான் நிலாவெளிப் பக்கம் ஒரு ஹோட்டல்ல வேலை செய்யிறன். சீசன் முடிஞ்சா சேர்விஸ் சார்ஜ் இல்லை, அடிப்படைச் சம்பளம் மட்டும்தான். வாடைக்காத்து தொடங்கினா பிறகு சித்திரை மட்டும் கடற்கரையில நாங்களும் நாயளும்தான். அதால மேலதிகமா ஏதாவது செய்வம் எண்டு போன மாசம் ஒரு நெட்வொர்க் மார்க்கெட்டிங் கம்பெனியில சேர்ந்தன். மூலிகைக் கோப்பி, சத்துமா, பற்பசை மாதிரிச் சாமான்கள். பக்கேஜ் 48,000 ரூபா.

என்னைச் சேர்த்த அண்ணா போன்ல இருக்கிற எல்லாரையும் லிஸ்ட் எழுதச் சொன்னார். எழுதிட்டன். எப்பிடிக் கதைக்கோணும் எண்டும் சொல்லித் தந்தார். "ஒரு நல்ல விசயம் இருக்கு, போன்ல சொல்ல ஏலாது, நேர வா" எண்டு கூப்பிடோணும். கம்பெனிப் பேரை முதல்ல சொல்லக்கூடாது, காசுக் கதையைக் கடைசியில எடுக்கோணும். டவுன் பக்கம் ஒரு ஹோல்ல ஞாயிறு மீட்டிங், அங்க கூட்டிக்கொண்டு வந்தா மிச்சத்தை அவங்க பாப்பாங்களாம்.

எனக்கு வாயே வருகுதில்லை. கூடப் படிச்ச ரெண்டு பேர் ஏற்கனவே ஒளிக்கிறாங்கள். கூட்டாளிமார் கேக்கிற மாதிரி இதை எப்பிடிச் சொல்றது? அனுபவம் உள்ள ஆக்கள் சொல்லுங்கோ. திட்டுறதெண்டாலும் திட்டுங்கோ, ஆனா பதிலும் வேணும்.

பாலையூற்று
"ஒரு விசயம் கதைக்கோணும், நேர வா" எண்டு ஆராவது மெசேஜ் போட்டா, ஒண்டில் கடன் கேக்கப் போறான், இல்லாட்டி கல்யாணப் பேச்சு. ரெண்டுக்கும் நான் போனை ஓஃப் பண்ணிடுவன் மச்சான்.

மட்டிக்கழி அக்கா
தம்பி, நான் சமையல் சாமானும் பிளாஸ்டிக் டப்பாவும் வீட்டில வச்சுக் கன காலமா விக்கிறன். அதுவும் ஆள் மூலமா ஆளுக்குப் போற வியாபாரம்தான். அதால உங்கட கேள்விக்கு நேரடியாவே பதில் சொல்றன்.

முதல் வசனத்திலயே மூண்டு விசயம் வரோணும். சாமானின்ட பேர், விலை, அதில எனக்கு எவ்வளவு கிடைக்கும் எண்டது. நான் வாட்ஸ்அப்பில படம் போட்டா கீழ விலையும் போட்டிருப்பன். "அக்கா இதில உங்களுக்கு என்ன மிஞ்சும்?" எண்டு கேட்டா மறைக்காமச் சொல்லுவன். இதுவரைக்கும் ஒருத்தரும் அதுக்காக வாங்காமப் போனதில்லை. மறைச்சு வச்சிருந்து பிறகு தெரிய வந்தாத்தான் மனிசருக்குக் கோவம் வரும். "எனக்காகச் சொல்றாள் எண்டு நினைச்சன், அவளுக்காகச் சொல்லியிருக்கிறாள்" எண்டு ஒருக்கா நினைச்சிட்டாப் பிறகு நீங்கள் சுகம் விசாரிச்சாலும் சந்தேகம்தான்.

ரெண்டாவது, "இல்லை" எண்டு சொல்ல ஏலாத ஆளிட்டக் கேக்காதீங்கோ. இதை ஒருத்தரும் சொல்லித் தர மாட்டினம். டியூசன் சேர் பிள்ளையளின்ட தாய்மாரிட்ட விக்கிறார். கந்தோரில மேலதிகாரி கீழ வேலை செய்யிற பிள்ளையிட்ட விக்கிறார். உங்களிட்டக் கடன் வாங்கின ஆள், உங்கட சிபாரிசில வேலைக்கு வந்த பொடியன், இவையள் எல்லாம் ஓம் எண்டுதான் சொல்லுவினம், வாங்குவினம். ஆனா அது வியாபாரம் இல்லை. லிஸ்ட் எழுதினீங்கள் எண்டா முதல்ல இந்த ஆக்களின்ட பேரை வெட்டுங்கோ.

கோயில் திருவிழா, செத்த வீடு, அந்தியேட்டி, ஆஸ்பத்திரி வாட்டு, இந்த இடங்களில வாயே திறக்காதீங்கோ. பத்திரகாளி அம்மன் கோயில் வாசல்லயே என்னிட்ட ஒருத்தி சத்துமாக் கதை தொடங்கினவ. நான் கும்பிட வந்தனா, டயட் கேட்க வந்தனா?

ஒருக்கா கேளுங்கோ. வேண்டாம் எண்டா அதோட விடுங்கோ. "யோசிச்சிட்டியா?" எண்டு பிறகும் பிறகும் கேக்கிறது கடன்காரன்ர வேலை.

வெற்றிப்பாதை
தம்பி, நான் இந்தத் துறையில் பல வருடங்களாக இருக்கிறேன். எதிர்மறையாகப் பேசுபவர்களை ஒதுக்கி வையுங்கள். நூறு பேரிடம் சொன்னால் பத்துப் பேர் கேட்பார்கள், இரண்டு பேர் சேர்வார்கள். இது எண்களின் விளையாட்டு. உங்களைச் சேர்த்த மேலாள் சொன்ன முறை உலகம் முழுக்கச் சோதிக்கப்பட்ட முறை. முதலில் பெயரைச் சொன்னால் அவர்கள் கூகுளில் போய் யாரோ எழுதிய குப்பையைப் படித்துவிட்டு மனதை மூடிக்கொள்வார்கள். முழு பிளானையும் காட்டும் வாய்ப்பே கிடைக்காது.

அக்கா சொன்னதில் ஒன்றை ஏற்கிறேன். வற்புறுத்தக் கூடாது. கனவை மட்டும் காட்டுங்கள்.

பாலையூற்று
கூகுளில தேடினா மூடுற கடை என்ன கடை அண்ணே?

கணக்குப்பிள்ளை
கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். தொழில் காரணமாக இதில் சிலவற்றை வாசிக்க நேர்ந்திருக்கிறது. நான் சட்டத்தரணி இல்லை.

தம்பி கேட்டது எப்படிச் சொல்வது என்று. அதற்கு முன்னால், சொல்லலாமா என்பதைப் பார்க்க வேண்டும். ஏனென்றால் இலங்கையில் இது நட்போடு மட்டும் நிற்கிற விடயம் இல்லை. 1988 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டத்தில் 83சி என்று ஒரு பிரிவு பின்னர் திருத்தமாகச் சேர்க்கப்பட்டது. அது பிரமிட் திட்டங்களைத் தடை செய்கிறது. பங்குபற்றுபவர் காசு கட்ட வேண்டும், அவருக்குக் கிடைக்கும் பயன் பெரும்பாலும் புதிய ஆட்கள் சேர்வதிலோ அவர்கள் கட்டும் தொகை கூடுவதிலோ தங்கியிருக்கும் என்றால், அது அந்தப் பிரிவுக்குள் வரும்.

பலர் கவனிக்காத இடம் ஒன்று அதில் இருக்கிறது. திட்டத்தைத் தொடங்கிய கம்பெனிக்காரரை மட்டும் அது குறிவைக்கவில்லை. ஆரம்பிப்பது, முன்வைப்பது, ஊக்குவிப்பது, விளம்பரம் செய்வது, நிதியளிப்பது, நடத்துவது, எல்லாம் நேரடியாகவோ மறைமுகமாகவோ குற்றம். அப்படியானால் கூட்டாளிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவரும், ஸ்டேட்டஸில் போடுகிறவரும், ஞாயிறு மீட்டிங்குக்கு ஆள் கூட்டிக்கொண்டு போகிறவரும் எங்கே நிற்கிறார்கள் என்று யோசியுங்கள். தண்டனை 3 வருடம் வரை சிறை, அல்லது 10 இலட்சம் ரூபா வரை அபராதம், அல்லது இரண்டும். மற்றவருக்கு நட்டம் வரும் என்று தெரிந்துகொண்டே செய்தால் 3 முதல் 5 வருடம் வரை கடூழியச் சிறை, அபராதமும் அதற்கேற்ப மேலே போகும்.

நெட்வொர்க் மார்க்கெட்டிங் எல்லாம் பிரமிட் என்று நான் சொல்லவில்லை. சாமான் உண்மையாக வெளியாருக்கு விற்று, அந்த விற்பனையில் தரகு வருகிறதென்றால் அது வேறு. ஆனால் "எங்கள் கம்பெனி பதிவு செய்தது, இதோ சான்றிதழ்" என்று காட்டுவார்களே, அதில் ஏமாற வேண்டாம். 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பெனிகள் சட்டத்தின் கீழ் எவரும் ஒரு கம்பெனியைப் பதியலாம். அந்தக் கடதாசி கம்பெனி இருக்கிறது என்பதைத்தான் சொல்கிறது. அது செய்கிற வேலை சட்டப்படி சரி என்று சொல்லவில்லை. மத்திய வங்கி தடைசெய்யப்பட்ட திட்டங்களின் பெயர்ப் பட்டியலைத் தன் இணையத்தளத்தில் தமிழிலும் வெளியிடுகிறது. முதலில் அதில் பாருங்கள். பட்டியலில் பெயர் இல்லை என்பதற்காக நல்லது என்று அர்த்தம் இல்லை, இன்னும் விசாரிக்கவில்லை என்றும் இருக்கலாம். 1935 என்ற இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம். திருகோணமலையிலேயே மத்திய வங்கியின் பிராந்திய அலுவலகமும் இருக்கிறது.

தம்பி, ஒரு கேள்வி. உங்களுக்குக் காசு எதற்கு வருகிறது? திட்டத்தை அப்படியே எழுதுங்கள்.

உப்புவெளிப் பொடியன்
நேரடியா ஒரு ஆளைச் சேர்த்தா எனக்கு 5,000. அவர் ஒரு ஆளைச் சேர்த்தா எனக்கு 2,000. அதுக்குக் கீழ குறைஞ்சு குறைஞ்சு எட்டு லெவல் மட்டும் வரும். ஆளுக்கு அஞ்சு பேர் சேர்த்தாப் போதும் எண்டினம். சாமானைத் தனிய வித்தா என்ன கிடைக்கும் எண்டு கேட்டன். "அதில சின்னக் காசுதான், ஆளைச் சேர், அதில கவனம் வை" எண்டார் அண்ணா.

கணக்குப்பிள்ளை
நீங்களே பதிலை எழுதிவிட்டீர்கள். சாமானில் சின்னக் காசு, ஆளில் பெரிய காசு. சட்டம் கேட்கிற கேள்வியும் அதுதான்.

அந்த ஐந்து பேர் கணக்கையும் போட்டுப் பார்ப்போம். 5, 25, 125, 625, 3,125, 15,625, 78,125. எட்டாவது லெவல் 3,90,625 பேர். 2012 குடிசன மதிப்பீட்டில் எங்கள் மாவட்டம் முழுவதும், தொட்டில் பிள்ளையிலிருந்து குச்சவெளி, மூதூர், கந்தளாய், சேருவில எல்லாம் சேர்த்து, 3 இலட்சத்து 80 ஆயிரத்துக்குக் கிட்டத்தான். உங்கள் ஒருவருடைய எட்டு லெவல் நிரம்ப ஒரு மாவட்டம் போதாது.

இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். ஆளுக்கு ஐந்து பேர் என்றால் எந்த நாளில் நிறுத்திப் பார்த்தாலும் சேர்ந்தவர்களில் நூற்றுக்கு 80 பேர் கடைசி வரிசையில்தான் இருப்பார்கள். அவர்களுக்குக் கீழே யாரும் இல்லை. 48,000 கட்டியவர்கள், கோப்பியைத் தவிர ஒன்றும் வராதவர்கள். அவர்கள் சோம்பேறிகள் என்பதாலோ கனவு காணாததாலோ இல்லை. கூட்டிப் பார்த்தால் அப்படித்தான் வரும், உலகத்தில் எந்த ஊரிலும். நீங்கள் நூறு கூட்டாளிமாரிடம் நன்றாகப் பேசி வெற்றி பெற்றாலும் அந்த எண்பதுக்குள் யாரை வைக்கிறீர்கள் என்பதுதான் கேள்வி.

வெற்றிப்பாதை
காப்புறுதி முகவரும் இதைத்தானே செய்கிறார்? அவருக்கு மேலே டீம் லீடர், அவருக்கு மேலே மனேஜர். எல்லாருக்கும் பங்கு. அதை யாரும் பிரமிட் என்று சொல்வதில்லையே.

கணக்குப்பிள்ளை
நியாயமான கேள்வி. முகவராக வருகிறவர் 48,000 கொடுத்துப் பொதி வாங்குவதில்லை. பரீட்சை எழுதித் தேற வேண்டும், பதிவு வேண்டும், மேலே இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு இருக்கிறது. மேலே உள்ளவருக்குப் பங்கு வருவது யாரோ ஒருவர் பொலிசி எடுத்துத் தவணை கட்டும்போது. கீழே புதிய முகவர் சேர்ந்த நாளில் இல்லை. பல படிகள் இருப்பதில் பிழை இல்லை. காசு எந்த வாசலால் உள்ளே வருகிறது என்பதில்தான் வித்தியாசம்.

அமெரிக்காவில் இந்தக் கேள்வி பெரிதாக எழுந்தது ஆம்வே என்ற நெட்வொர்க் மார்க்கெட்டிங் கம்பெனியின் வழக்கில். 1979 இல் அங்குள்ள கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு அது பிரமிட் அல்ல என்று முடிவு செய்தது. அதற்குக் காரணமாக இருந்தவை கம்பெனி வைத்திருந்த சில விதிகள். விற்காமல் தேங்கும் சாமானைத் திருப்பி எடுக்க வேண்டும். மாதத்தில் வாங்கியதில் 70 வீதத்தையாவது விற்றால்தான் போனஸ் கிடைக்கும். மாதத்துக்குப் பத்து வெவ்வேறு வாடிக்கையாளருக்கு விற்றிருக்க வேண்டும். பின்னாளில் 2016 இல் அதே மாதிரியான ஹேர்பலைஃப் கம்பெனி 20 கோடி டொலர் கட்டி அதே ஆணைக்குழுவுடன் சமரசம் செய்தபோதும், கொடுப்பனவு உண்மையான சில்லறை விற்பனையோடு கட்டுப்பட வேண்டும் என்பதுதான் மையம். அவை அவர்களுடைய நாட்டு விதிகள், இங்கே பொருந்தாது. ஆனால் உங்கள் அண்ணாவிடம் கேட்க நல்ல கேள்விகள். திருப்பிக் கொடுத்தால் காசு வருமா, எழுத்தில் எங்கே இருக்கிறது?

கிண்ணியா நானா
அஸ்ஸலாமு அலைக்கும் எல்லாருக்கும். கணக்கு ஒரு பக்கம் இரிக்கட்டும் தம்பி. எங்கட ஊரில நடந்தத நான் செல்றன்.

2023 ஆகஸ்ட்ல எம்.டி.எஃப்.இ. எண்ட காசு போடுற ஆப் விழுந்தது எல்லாருக்கும் தெரியும், மத்திய வங்கியின்ட பட்டியல்லயும் அது இரிக்கி. அதுக்கு முன்னயும் பின்னயும் ஊருக்குள்ள வேற வேற பேரில ஓடினது கன. பேர் வேணாம். ஒண்டைக் கவனிங்க. இதெல்லாம் வந்த வழி விளம்பரம் இல்ல. மச்சான் மச்சானுக்குச் சென்னான், சாச்சா மருமகனுக்குச் சென்னார். கட்டார்ல இரிக்கிற பொடியன் அனுப்பின காசில உம்மா சேர்ந்தாங்க. சிலர் நகையை அடகு வச்சாங்க.

விழுந்த மறுகா கம்பெனிக்காரனைத் தேடி ஒருத்தரும் போகல, அவன் எங்க இரிக்கான் எண்டே தெரியாது. வீட்டுக்கு வந்தது ஆரிட்ட? சேர்த்த ஆளிட்ட. அந்த ஆளும் காசு இழந்தவர்தான். ஆனா பள்ளிவாசல்ல சஃப்புல பக்கத்தில நிண்டவனிட்ட மொகம் குடுக்க ஏலாம ஜும்ஆவுக்கு வேற பள்ளிக்குப் போறார். ஒரு வீட்டில கல்யாணமே ரெண்டு குடும்பமாப் பிரிஞ்சு நடந்திச்சு.

தம்பி நீங்க கூட்டாளிக்கு எப்பிடிச் செல்றது எண்டு கேக்கீங்க. விழுந்தா நான் உன்ட காசைத் திருப்பித் தருவன் எண்டு செல்ல ஏலுமா? ஏலும் எண்டா செல்லுங்க.

வெற்றிப்பாதை
ஆப் மோசடியையும் சாமான் விற்கும் கம்பெனியையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறீர்கள்.

கிண்ணியா நானா
குழப்பல நானா. ரெண்டிலயும் கூப்பிட்ட விதம் ஒண்டுதான் எண்டு செல்றன். "பேரைச் செல்லாத, மீட்டிங்குக்குக் கூட்டி வா."

தம்பலகாமத்தான்
ஒருத்தரும் சாமானைப் பத்திக் கதைக்கேல்ல. மூலிகைக் கோப்பி, சத்துமா எண்டா கட்டாயம் "சீனி வருத்தம் குறையும், பிறசர் குறையும்" எண்டு சொல்லச் சொல்லியிருப்பினம். எங்கட பக்கத்து வயல்காரர் அப்பிடி ஒண்டைக் குடிக்கத் தொடங்கி கிளினிக் குளிசையை நிப்பாட்டினார். பிறகு கால்ல புண். அதுக்குப் பிறகு நடந்ததை நான் இங்க எழுதேல்ல.

தம்பி, வருத்தம் மாறும் எண்டு சொல்லி விக்கிற சாமான் மருந்துக் கணக்கில வரலாம். 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தோட வந்த தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை அதைப் பாக்கும். பதிவு இலக்கம் இருக்கா எண்டு டின்னைத் திருப்பிப் பாருங்கோ. விலை, காலாவதித் திகதி, இறக்குமதி செய்தவரின்ட பேர் இருக்கோணும். இல்லாட்டி நுகர்வோர் அதிகாரசபைக்கு 1977 இல முறைப்பாடு குடுக்கலாம். கூட்டாளியின்ட அம்மாவுக்கு "இதைக் குடியுங்கோ, குளிசை வேண்டாம்" எண்டு மட்டும் சொல்லிப் போடாதேங்கோ.

மட்டிக்கழி அக்கா
இது நூற்றுக்கு நூறு. நான் டப்பாதான் விக்கிறன். டப்பாவால ஒருத்தருக்கும் கால் புண் வராது.

தம்பி உப்புவெளி, உங்களிட்ட ஏற்கனவே 48,000க்குச் சாமான் கிடக்கு தானே. ஆளைச் சேர்க்கிற கதையை விடுங்கோ. சாமானைச் சாமானா வித்துப் பாருங்கோ. சேராத மனிசர் காசு குடுத்து வாங்கினமோ எண்டு பாத்தா உங்களுக்கே விளங்கும். ஒரு மெசேஜ் எழுதிப் போடுங்கோ, திருத்தித் தாறன்.

உப்புவெளிப் பொடியன்
ரெண்டு நாளாப் பதில் போடேல்ல, யோசிச்சுக்கொண்டு இருந்தன். லிஸ்டில இருந்து பேர் வெட்டத் தொடங்கினன். ஹோட்டல்ல எனக்குக் கீழ வேலை செய்யிற பொடியங்கள், அண்ணியின்ட தங்கச்சி, நான் காசு குடுத்த ரெண்டு பேர். பாதி போயிட்டுது.

மெசேஜ் இப்பிடி எழுதினன்:

"வணக்கம் மச்சான். நான் ஒரு அருமையான வாய்ப்பில இணைஞ்சிருக்கிறன். உலகத் தரமான மூலிகைப் பொருட்கள் என்னிடம் உண்டு. உன் ஆரோக்கியமே என் மகிழ்ச்சி. விபரத்துக்குத் தொடர்புகொள்."

மட்டிக்கழி அக்கா
இது உங்கட அண்ணாவின்ட வாய் தம்பி. நீங்கள் கூட்டாளியோட இப்பிடியா கதைக்கிறனீங்கள்? "வாய்ப்பு"ம் வேண்டாம், "உலகத் தரம்"உம் வேண்டாம், "ஆரோக்கியம்" கட்டாயம் வேண்டாம், தம்பலகாமத்தார் அடிப்பார். விலை எங்க?

இப்பிடிப் போடுங்கோ:

"மச்சான், ஒரு கம்பெனியில சேர்ந்ததால பற்பசையும் கோப்பியும் என்னிட்டக் கிடக்கு." பிறகு கம்பெனிப் பேரை எழுதுங்கோ. "பற்பசை இவ்வளவு, கோப்பி இவ்வளவு, ஒண்டு வித்தா எனக்கு இவ்வளவு மிஞ்சும். உன்னைச் சேரச் சொல்லேல்ல. வேணுமெண்டா சொல்லு, இல்லாட்டி இந்த மெசேஜை மறந்திடு."

தொகைகளை நீங்களே நிரப்புங்கோ.

உப்புவெளிப் பொடியன்
பற்பசை 1,450. கோப்பி 3,200. எனக்குப் பற்பசையில 150 மிஞ்சும், கோப்பியில 300.

எழுதிப் பாத்தாப் பிறகுதான் கையே ஓடுதில்லை. விலையைப் பாத்திட்டு என்னைப் பைத்தியம் எண்டு நினைப்பாங்கள்.

கணக்குப்பிள்ளை
48,000ஐ மீட்க எத்தனை பற்பசை விற்க வேண்டும் என்று நான் கணக்குப் போடப் போவதில்லை. நீங்களே போடுங்கள், கல்குலேட்டர் போனில் இருக்கிறது. மேலே யாருக்கு எவ்வளவு போகிறதென்பது அந்த விலைக்குள்தான் இருக்கிறது.

வெற்றிப்பாதை
தரத்துக்கு விலை உண்டு. மலிவுப் பற்பசையோடு ஒப்பிடாதீர்கள். தம்பி, நீங்கள் என்னைத் தனியாகத் தொடர்புகொள்ளுங்கள், இன்னொரு நல்ல கம்பெனி இருக்கிறது, அதில் பக்கேஜ் குறைவு. பெயரை இங்கே சொல்ல முடியாது.

நிர்வாகி
இந்த இழையில் ஆட்சேர்ப்பு வேண்டாம். தனி மெசேஜ் அழைப்புகளும் வேண்டாம். அடுத்த முறை கணக்கு முடக்கப்படும்.

கிண்ணியா நானா
பேரைச் செல்ல முடியாதாம். இங்கயுமா நானா?

பாலையூற்று
மச்சான் உப்புவெளி, 1,450க்குப் பற்பசை. சரி, கூடப் படிச்ச பாவத்துக்கு ஒண்டு எடுக்கிறன். ரெண்டாவது கேக்காத. கோப்பிக் கதையே எடுக்காத.

உப்புவெளிப் பொடியன்
ஒண்டு எடுத்து வைக்கிறன், என்.சி. வீதிப் பக்கம் வரேக்க தாறன். உடைக்காத மிச்சப் பெட்டியளைத் திருப்பி எடுப்பினமோ, அது எந்தக் கடதாசியில எழுதியிருக்கு எண்டு அண்ணாவுக்கு மெசேஜ் போட்டிருக்கிறன். ரெண்டு நீலச் சரி விழுந்திட்டுது, பதில் இல்லை. ஞாயிறு மீட்டிங்குக்கு ஆரையும் கூட்டிக்கொண்டு போகேல்ல. பதில் வந்தா இதிலயே போடுறன்.